நிற்பவர்க்கும் ஓர் இருக்கை

பணிக்கும் வாழ்வுக்கும் இடையே சமநிலை வேண்டும் என்பது இன்று மேடைதோறும் நாம் கேட்கும் அறிவுரை. அதிகாலையில் எழுக, நேரத்தைப் பகுத்துக்கொள்க, மாற்றங்களைக் கண்டு மனம் கலங்காதிருக்க என்கின்றனர். நல்ல அறிவுரைகளே. ஆயினும், தம் நேரத்தைத் தாமே பகுத்துக்கொள்ளும் உரிமை இல்லாதவர்க்கு இவற்றால் விளையும் பயன் யாது? இவ்வினாவுக்கு விடை காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மாம்பலம் இரயில் நிலையத்தில் இறங்கி, ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்தால் போதும்.

பெருநாளோ தீபாவளியோ பொங்கலோ நெருங்கும் நாள்களில் நாமும் குடும்பத்தோடு அங்கே செல்கிறோம். துணிகளை ஒவ்வொன்றாய் விரித்துக் காட்டச் சொல்கிறோம். ‘வேறு நிறம் இல்லையா?’ என்று கேட்கிறோம். விரித்ததை மடித்து வைக்கும் அந்த இளைஞரும் இளம்பெண்ணும் எத்தனை மணி நேரமாக நிற்கின்றனர் என்று நாம் கேட்பதில்லை. அவர்களுள் பலர் தென்மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். வசந்தபாலன் இயக்கி 2010-இல் வெளிவந்த ‘அங்காடித் தெரு’ திரைப்படம் அவர்தம் வாழ்வைத் தமிழ் மக்களின் கண்முன் நிறுத்தியது. படம் கண்டு கண் கலங்கினோம். அடுத்த பண்டிகைக்கு அதே தெருவில் அதே அவசரத்தோடு நின்றோம்.

கண்ணீரால் ஆகாததைச் சட்டம் ஓரளவு செய்தது. கேரளத்தில், கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைகளில் பணிபுரிந்த பெண்கள், விஜி என்பாரின் முன்னெடுப்பில் கழிப்பறைக்காகவும் இருக்கைக்காகவும் பல்லாண்டு போராடினர். 2018-இல் அம்மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. தமிழகச் சட்டமன்றமும் 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தை 2021 செப்டம்பரில் திருத்தி, பணியாளர் அனைவர்க்கும் இருக்கை வசதி அளிக்க வேண்டும் என்றும், வேலையினூடே வாய்ப்பு நேரும்போது அவர்கள் அமரலாம் என்றும் வகை செய்தது. இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். தியாகராய நகரின் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் 2019-இல் திறக்கப்பட்டபோது, பொருள் வாங்க வருவோர் இளைப்பாறப் பலகைகள் இடப்பட்டன. விற்பவர் இளைப்பாறச் சட்டம் வருவதற்கோ மேலும் இரண்டாண்டு ஆயிற்று!

அதே 2019-இல், பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் கடைகள் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்க அரசு இசைவளித்தது. கடை உறங்காதிருக்கலாம், பணியாளர் நாளொன்றுக்கு 8 மணி நேரமே உழைக்க வேண்டும், வாரவிடுமுறை பெற வேண்டும் என்பதும் அவ்வாணையின் நிபந்தனையே. மாற்றம் வேண்டாம் என்பாரல்லர் நாம். மாற்றத்தின் சுமை எவர் தோளில் ஏறுகிறது என்பதே நம் வினா.

இந்நகருக்கு இவ்வினா புதிதன்று. இந்தியாவிலேயே முதன்முறையாக மே நாள் கொண்டாடப்பட்டது 1923-இல், சிங்காரவேலர் முயற்சியால், இச்சென்னைக் கடற்கரையில்தான். சரியாக நூறாண்டு கழித்து, 2023 ஏப்ரலில், தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டமுன்வடிவு சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு எழவே, அம்முன்வடிவு திரும்பப் பெறப்பட்டதென முதலமைச்சர் மே முதல் நாளன்று அறிவித்தார். பெற்ற உரிமையும் காக்கப்பட்டாலன்றி நில்லாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

‘பண்டிகைக்கால விற்பனையே ஆண்டு முழுதும் எம்மைத் தாங்குகிறது, அப்போது ஓய்வுக்கு இடமேது?’ என வணிகப் பெருமக்கள் கேட்கலாம். அவர்தம் இடர்ப்பாட்டை நாம் அறிவோம். இணைய வணிகத்தின் போட்டி ஒருபுறம், வாடகை மறுபுறம். ஆனால் ஒரு முக்காலிக்கு ஆகும் செலவு ஒரு சேலையின் விலையைத் தாண்டாது. முறைவைத்து அரைமணி நேரம் அமர்ந்தெழுந்த பணியாளர், மாலையில் வரும் வாடிக்கையாளரிடம் முகஞ்சுளியாது பேசுவார். அதுவும் வணிகத்துக்கு ஆதாயமே.

நம் மாணவருள் சிலர் பகலில் பாடமும் மாலையில் கடைவேலையுமாக வாழ்கின்றனர். வகுப்பில் அவர்கள் கண்ணயர்ந்தால் அதைச் சோம்பல் எனக் கொள்ளாது, காரணம் கேட்டறிதல் ஆசிரியர் கடன். தமக்குச் சட்டம் அளித்துள்ள உரிமைகளை அறிந்துகொள்ளுதல் மாணவர் கடன். வாங்கச் செல்லும் நம் அனைவர்க்கும் உள்ள கடன் மிக எளிது: கடையில் பணியாளர் ஒருவர் அமர்ந்திருக்கக் கண்டால், அதை மரியாதைக் குறைவாகக் கருதாதிருப்போம். நாம் முகஞ்சுளிப்போமென்ற அச்சமே பல கடைகளில் இருக்கைகளை வெறுமையாக வைத்திருக்கிறது.

சமநிலை என்பது ஒருவர் தமக்கு மட்டும் தேடிக்கொள்ளும் அமைதியன்று. நம் ஓய்வு நாள் பிறரது ஓய்வின்மையின்மேல் அமையுமாயின், அதனைச் சமநிலை என்று எவ்வாறு சொல்வது?