ஏழு வருஷம் கேட்டா ஏழு குடுங்கப்பா

புனேயில உட்கார்ந்துகிட்டு டெக்சாஸ் ரேஞ்சர்ஸுக்காக மல்லுக்கட்டுற தமிழன் நான் ஒருத்தன்தான்னு நினைக்கிறேன். டல்லாஸ் கிளையண்டுக்கு வேலை பார்க்கப் போய் ஒட்டிக்கிட்ட வியாதி. அங்கே ராத்திரி ஏழு மணி மேட்ச்னா இங்கே காலைல அஞ்சரை. டிகாஷன் இறங்குறதுக்குள்ள முதல் இன்னிங்ஸ் முடிஞ்சிடும். தங்கமணி இன்னும் இதை கில்லின்னுதான் சொல்றாங்க. சொல்லிட்டுப் போகட்டும்.

விஷயத்துக்கு வர்றேன். 2025 நவம்பர்ல செகண்ட் பேஸ் ஆடுற மார்கஸ் செமியனை நியூயார்க் மெட்ஸுக்குக் குடுத்துட்டு பிராண்டன் நிம்மோங்கிற அவுட்ஃபீல்டரை வாங்கினாங்க. "ஏழு வருஷத்துக்குப் பேசினாங்க, நாலே வருஷத்துல தள்ளிவிட்டாச்சு, இனிமே எந்த இன்ஃபீல்டருக்கும் இப்படிக் கொட்டக் கூடாது"ன்னு ஆபீஸ்ல ஒரு கோஷ்டி. எனக்கு இதுல துளிகூட உடன்பாடு இல்லை. நாளைக்கே அப்படி ஒருத்தர் ஃப்ரீ ஏஜென்டா வந்தா மறுபடியும் வாங்கணும்.

ஃப்ரீ ஏஜென்ட்னா நம்ம ஐபிஎல் ஏலம் மாதிரி இல்லீங்க. ஆறு வருஷ சர்வீஸ் போட்டு, ஒப்பந்தமும் தீர்ந்தவர் எந்த டீமுக்குப் போகணும்னு தானே முடிவு பண்ணலாம். கையில நாலு ஆஃபரோட நோட்டீஸ் பீரியட்ல இருக்கிற நம்ம பசங்க மாதிரி. தோற்கிற டீம் கூடுதலாக் குடுத்தாத்தான் திரும்பியே பார்ப்பாங்க.

ரேஞ்சர்ஸ் 2021ல 162 மேட்ச்ல 102 தோத்த டீம். அந்தக் குளிர்காலத்துல ஷார்ட்ஸ்டாப் கோரி சீகருக்கு 10 வருஷம், 32.5 கோடி டாலர். செமியனுக்கு 7 வருஷம், 17.5 கோடி. ரெண்டே பேருக்கு 50 கோடி டாலர்! அடுத்த வருஷமும் 94 தோல்வி. செமியன் முதல் ஹோம் ரன் அடிக்கவே மே கடைசி ஆயிடுச்சு. கேலி பண்ணாதவங்க பாக்கியில்லை.

ஏன் இன்ஃபீல்டர்? 2003 உலகக் கோப்பையில டிராவிடை கீப்பிங் பண்ண வச்சோமே, ஞாபகம் இருக்கா? கீப்பரே நல்லா பேட் பண்ணினா ஒரு பேட்ஸ்மேன் கூடுதல். அதே கணக்குதான். வெறுமனே தூக்கி அடிக்கிறவங்களை ஃபர்ஸ்ட் பேஸ்ல நிறுத்தலாம், அப்படிப்பட்டவங்க கிடைப்பாங்க. நடுவுல நின்னு வேகமா வர்ற கிரவுண்டரை அள்ளி டபுள் பிளே முடிச்சு, அதே ஆள் ஹோம் ரனும் அடிக்கணும்னா விரல்விட்டு எண்ணிடலாம். 2021ல டொரான்டோவுக்கு 45 அடிச்சாரே செமியன், ஒரு செகண்ட் பேஸ்காரர் ஒரே சீசன்ல அவ்வளவு அடிச்சது அதுக்கு முன்னாடி கிடையாது.

அதைவிட முக்கியம், லீவு போடாம வர்றது. 2023ல 162 மேட்ச்சும் ஆடினார், மேல பிளேஆஃப் 17. மொத்தம் 179! அதே டீம் ஜேகப் டிகிராம்ங்கிற பிட்சருக்கு 5 வருஷத்துக்கு 18.5 கோடி குடுத்தது. அந்த வருஷம் ஆறே மேட்ச்ல பந்து போட்டுட்டு முழங்கை ஆபரேஷனுக்குப் போயிட்டார். அவர் மேல தப்பில்லை, பிட்சர் பொழப்பு அப்படி. நல்லா இருந்தாலும் அஞ்சு நாளைக்கு ஒரு தடவைதான்.

வயசானா ஆட்டம் இறங்கத்தான் செய்யும், அதையும் சேர்த்துத்தான் விலை. 2025ல செமியன் 15 ஹோம் ரன்தான், ஒத்துக்கறேன். ஆனா அந்த வருஷமும் ஃபீல்டிங்குக்கு கோல்ட் குளோவ் வாங்கினவர் அவர்.

இந்த டீம் 1961ல வாஷிங்டன்ல ஆரம்பிச்சு 1972ல டெக்சாஸுக்கு வந்தது. 2011ல ஒரே மேட்ச்ல ரெண்டு தடவை, இன்னும் ஒரு ஸ்ட்ரைக் விழுந்தா கோப்பைங்கிற நிலைமையில கோட்டை விட்டாங்க. கோப்பை வந்தது 2023ல. தொடர்நாயகன் சீகர். கடைசி மேட்ச்சோட ஒன்பதாவது இன்னிங்ஸ்ல ஹோம் ரன் அடிச்சவர் செமியன்.

அதனால அடுத்து வர்றவர் ஏழு வருஷம் கேட்டா ஏழு குடுங்க. எட்டு கேட்டா மட்டும் லேசா பேரம் பேசிப் பாருங்க :-)