மத்தைப் பிடித்தவர் பேசட்டும்

ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் காலை நடை முடிந்ததும் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரு பக்கமாக உட்கார்ந்து பேசுவது வழக்கம். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். சர்க்கரை, முழங்கால், பென்ஷன், பேரன் பேத்தி, இந்த நான்கைத் தாண்டிப் பேச்சு போவது அபூர்வம். சென்ற மாதம் ஒருநாள் எப்படியோ வெண்ணெய்க்குப் போய்விட்டது.

"எங்கம்மா கடைஞ்சு எடுத்த வெண்ணெய் மாதிரி இனிமே எங்க சார் கிடைக்கப்போகுது?" என்று ஒருவர் ஆரம்பித்தார். உடனே ஆளாளுக்கு அவரவர் அம்மாவின் வெண்ணெய். ஒருவர் கம்மங்கூழில் போட்டுச் சாப்பிட்டதைச் சொன்னார். இன்னொருவர் நெய் உருக்கும்போது முருங்கைக்கீரை கிள்ளிப் போட்டதையும், அந்தக் கீரையைச் சட்டியோடு வழித்துத் தின்றதையும் சொன்னார். கடைசியில் எல்லோரும் ஒரே தீர்ப்புக்கு வந்தோம்: அந்தக் கைமணம் போய்விட்டது, இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பொறுமை இல்லை.

பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த டீச்சரம்மா ஒருவர், அவரும் ஓய்வு பெற்றவர்தான், திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "ஏன் சார், இத்தனை பேர் பேசுறீங்களே, உங்கள்ல யாராச்சும் ஒருநாளாவது மத்தைப் பிடிச்சிருக்கீங்களா?"

யாரும் பதில் சொல்லவில்லை. நான் நான்கு வருடமாகக் கடைகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. அதற்கு முந்தைய நாற்பத்தைந்து வருடமும் நான் வெறுமனே சாப்பிட்டவன்தானே.

2021இல் என் மனைவிக்கு வலது தோள்பட்டை இறுகிப்போனது. கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. டாக்டர் பயிற்சி சொல்லிக்கொடுத்துவிட்டு, இழுத்துக் கடைகிற வேலை, துணி பிழிகிற வேலை எதுவும் கூடாது என்றார். குளிர்சாதனப் பெட்டியில் எட்டு நாள் ஆடை சேர்ந்து கிடந்தது. "ஏங்க, அதைக் கொட்டிரட்டுமா, இல்ல நீங்க பாக்குறீங்களா?" என்றாள். பார்க்கிறேன் என்றேன். முதல்நாள் பத்து நிமிடத்தில் கை விட்டுப்போனது. வெண்ணெய் திரள முப்பத்தைந்து நிமிடம் ஆனது. முடித்தபோது பனியன் நனைந்திருந்தது.

எழுதி வைப்பது எனக்குக் குமாஸ்தா வேலையில் வந்த பழக்கம். நோட்டில் குறித்திருக்கிறேன்: தினம் ஒரு லிட்டர் எருமைப்பால், எட்டு நாள் ஆடை, கிடைத்த வெண்ணெய் 260 கிராம். உருக்கினால் கிட்டத்தட்ட 200 கிராம் நெய். இதற்குத்தான் இத்தனை பாடு.

வருடக்கணக்கில் கடைந்ததில் ஒன்று தெரிந்துகொண்டேன். கைமணம் என்று நாம் சொல்வது கையில் இல்லை, உறையில் இருக்கிறது. ஆடையில் ஒரு கரண்டி தயிர் விட்டுப் புளிக்க வைக்கிறோம் அல்லவா, அப்போது அந்தத் தயிரில் உள்ள நுண்ணுயிர்கள்தான் அந்த வாசனையை உண்டாக்குகின்றன. கடையில் கிடைக்கும் வெண்ணெய் பெரும்பாலும் புளிக்காத பாலேட்டிலிருந்து எடுப்பது. அதனால்தான் அதில் அந்த மணம் இல்லை. உறை ஊற்றிய ஆடையை மிக்ஸியில் ஐஸ் தண்ணீர் விட்டு ஓட்டினாலும் அதே வெண்ணெய்தான் வரும், இரண்டு மூன்று நிமிடத்தில். கண்ணைக் கட்டிக்கொண்டு சாப்பிட்டால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. மைதானத்து நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அப்படியானால் ஏன் இன்னும் கையால் கடைகிறேன்? சொல்கிறேன். அதற்குமுன் கொஞ்சம் புதுச்சேரிக்குப் போய்வர வேண்டும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மொழியில் படித்தவன் என்பது இங்கே தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். 1961, எனக்குப் பத்து வயது. ஜூலை 14, பிரெஞ்சுக்காரர்களின் தேசியத் திருநாள். கூடப் படித்த ஒருவனின் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவன் அப்பா பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு வந்தவர். ஊரில் 'சொல்தா வீடு' என்பார்கள். அவனுடைய பாட்டி முற்றத்தில் உட்கார்ந்து, மரத்தூளில் சுற்றி வாங்கிவந்த ஐஸ் கட்டியை உடைத்து ஒரு அண்டாவில் போட்டு, அதன்மேல் கிண்ணத்தை வைத்து, பாலேட்டை முள்கரண்டியால் அடித்துக்கொண்டிருந்தார். தண்ணியாக இருந்தது மெல்லமெல்லப் பஞ்சு மாதிரி எழும்பியது. கரண்டியைத் தூக்கினால் குருவி மூக்கு மாதிரி நின்றது. உடனே நிறுத்திவிட்டுச் சர்க்கரை சேர்த்து எங்களுக்குக் கொடுத்தார். "இன்னும் அடிங்க பாட்டி" என்று பேரன் கேட்டான். "அடிச்சா வெண்ணெயாப் போயிடும்டா" என்றார்.

அதற்குப் பெயர் கிரேம் ஷாந்தியி. பாரிஸுக்கு வடக்கே உள்ள ஷாந்தியி அரண்மனையில் வாத்தேல் என்பவர் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உண்டு. கதைதான். அவர் இறந்தது 1671இல். அடித்து நுரைக்க வைத்த பாலேட்டை ஐரோப்பாவில் அதற்கு நூறு வருடம் முன்பே சாப்பிட்டிருக்கிறார்கள்.

பாட்டி சொன்னது முழுக்க உண்மை. பாலேட்டில் கொழுப்பு சின்னச்சின்ன உருண்டையாக மிதக்கிறது. ஒவ்வொன்றின்மேலும் மெல்லிய தோல் மாதிரி ஒரு படலம். அடிக்கும்போது காற்றுக் குமிழி உள்ளே போகிறது, அந்தப் படலம் கிழிகிறது, உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குமிழியைச் சுற்றி நிற்கின்றன. அந்த நேரத்தில் நிறுத்தினால் அது பிரெஞ்சுக்காரர்களின் நுரைத்த கிரீம். நிறுத்தாமல் போனால் காற்று வெளியேறி, கொழுப்பெல்லாம் திரண்டு, நீர் பிரிந்து வெண்ணெயும் மோரும் ஆகிவிடும். இரண்டும் ஒரே வேலைதான். அவர்கள் பாதி வழியில் இறங்கிக்கொள்கிறார்கள், நாம் கடைசி நிறுத்தம் வரை போகிறோம்.

பிரெஞ்சில் இதற்குச் சொல்லும் வார்த்தைக்குச் சாட்டையால் அடிப்பது என்றும் பொருள். ஆங்கிலத்திலும் அப்படித்தான். நம்மிடம் 'கடைதல்' இருக்கிறது. தயிர் கடைகிறோம், கீரை கடைகிறோம், பருப்புக் கடைகிறோம், கட்டில் காலைக் கடைசல் பிடிக்கிறோம், தேவரும் அசுரரும் பாற்கடலையே கடைந்தார்கள். இந்த ஒரு சொல்லுக்குள் எவ்வளவு சுழற்சி, எவ்வளவு பொறுமை என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

இதெல்லாம் இப்போது நினைவுக்கு வந்ததற்குக் காரணம் பேத்தியின் பிறந்தநாள். ஒன்பது வயது. கேக்மேல் இருந்த வெள்ளை கிரீமை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "தாத்தா, இது பால்லயா செய்யுறாங்க?" என்று கேட்டாள். பெரும்பாலும் இல்லை என்பதுதான் பதில். கேக் கடைகளில் அடிக்கும் வெள்ளை கிரீம் பலவும் பாம் கெர்னல் எண்ணெய் போன்ற தாவரக் கொழுப்பில் செய்தது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நம் சித்திரை வெயிலில் பால் கிரீம் பத்து நிமிடம் நிற்காமல் வழிந்துவிடும். இது நிற்கும், விலையும் குறைவு. எண்ணெயையும் கொழுப்பையும் கெட்டியாக்கும்போது வரும் டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 ஜனவரியிலிருந்து நூற்றுக்கு இரண்டு என்று அரசு வரம்பு வைத்திருக்கிறது. ஆனாலும் அது பால் இல்லை. பெட்டியைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படித்தால் 'வெஜிடபிள் ஃபேட்' என்றோ 'மில்க் ஃபேட்' என்றோ இருக்கும். பூதக்கண்ணாடி வைத்தாவது படியுங்கள்.

பேத்திக்குச் செய்து காட்டுகிறேன் என்று சவால் விட்டேன். முதல் தடவை காய்ச்சிய எருமைப்பாலின் ஆடையை அடித்தேன். நுரைக்கவில்லை, திப்பி திப்பியாக நின்றது, பிறகு வெண்ணெயாகிவிட்டது. காய்ச்சிய பாலின் ஆடையில் கொழுப்போடு பால்புரதமும் சேர்ந்து தோலாகப் படிந்திருக்கும், அது சரிப்படாது. இரண்டாவது தடவை கடையில் பால் கிரீம் வாங்கினேன். இதில் ஒரு விஷயம்: கொழுப்பு நூற்றுக்கு முப்பதாவது இருக்க வேண்டும். சமையலுக்கு விற்கும் கிரீமில் 25தான் இருக்கும், அது நிற்காது. ராத்திரி முழுக்கக் குளிரில் வைத்து, ஐஸ்மேல் கிண்ணத்தை வைத்து அடித்தேன். ஏழு நிமிடத்தில் குருவி மூக்கு வந்தது. அறுபத்துச் சொச்சம் வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல்தா வீட்டுப் பாட்டியை நினைத்துக்கொண்டேன். பேத்தி, "நானு, நானு" என்று வாங்கி இன்னும் கொஞ்சம் அடித்தாள். நுரை மஞ்சளாகித் திரிந்தது. அழப்போனவளிடம் என் மனைவி, "இதுக்குப் போயி யாராச்சும் அழுவாகளா? வெண்ணெய் கிடைச்சுருச்சுல்ல" என்று சொல்லி, ரொட்டியில் தடவிச் சர்க்கரை தூவிக் கொடுத்தாள். மதுரையில் கிரீம் கெட்டால் நஷ்டமே இல்லை.

இப்போது ஏன் கையால் கடைகிறேன் என்பதற்கு வருகிறேன்.

என் மாமியாருக்கு மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். 1976இல் எனக்குக் கல்யாணம் ஆனபோது வீட்டில் மூன்று எருமைகள். அத்தை விடியற்காலை நாலரைக்கு எழுந்து, தூணில் கட்டிய மத்தில் கயிறு சுற்றி இழுத்து இழுத்துக் கடைவார். கோடையில் பானையில் குளிர்ந்த தண்ணீர், மார்கழியில் கொஞ்சம் வெந்நீர். அந்தச் சத்தத்தைப் படுக்கையிலிருந்தே கேட்டு, எவ்வளவு இதமாக இருக்கிறது என்று நினைத்தவன் நான். பிறகு ஊருக்குப் பால் சொசைட்டி வந்தது. காலையில் கேனில் பால் போய்விடும், கடைவதற்கு மிச்சம் இருக்காது. ஒரு தீபாவளிக்குப் போனபோது, "என்ன அத்தை, இப்பல்லாம் வெண்ணெயே கண்ணுல படல" என்று குறைபட்டேன். அத்தை சிரித்துக்கொண்டே சொன்னார்: "மாப்பிள்ளை, நீங்க வெண்ணெயைச் சாப்பிட்டவுக. நான் கடைஞ்சவ. இப்பத்தான் தோளு வலி இல்லாமத் தூங்குறேன். பால் காசும் என் கையிலேயே வருது."

அன்றைக்கு அது வேடிக்கைப் பேச்சாகத்தான் காதில் விழுந்தது. என் தோள் வலித்த பிறகுதான் புரிந்தது.

இது இன்று நேற்றுக் கதையும் இல்லை. சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவையை எடுத்துப் பாருங்கள். நடப்பது நம் மதுரைக்கு வெளியே ஆயர் சேரியில். அன்று அரண்மனைக்கு நெய் கொடுக்கும் முறை தன்னுடையது என்று மாதரி கடைகயிறும் மத்தும் எடுத்துக்கொண்டு மகள் ஐயையைக் கூப்பிடுகிறாள். குடத்துப் பால் உறையவில்லை, உறியில் இருந்த வெண்ணெய் உருகவில்லை. ஏதோ கெடுதல் வரப்போகிறது என்று கலங்குகிறாள். கோவலனுக்கு நடந்தது நமக்குத் தெரியும். நான் கவனித்தது வேறு. நெய் அரண்மனைக்கு, கயிறும் மத்தும் மாதரிக்கு. வெண்ணெய் திருடிய கண்ணனுக்கு எத்தனை பாட்டு! கடைந்தவளின் தோளைப் பற்றி யார் கேட்டார்கள்?

ஆகவே என் கருத்து இதுதான். வீட்டு வெண்ணெய் வேண்டும் என்று ஆசைப்படுவது தவறில்லை. ஆசைப்படுகிறவர் கடையட்டும். மகளோ மருமகளோ மிக்ஸியில் அடித்தால், பாக்கெட் வாங்கினால், அது பொறுமை இல்லாததால் அல்ல. அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. நேரம் மிச்சம் இருப்பது நம்மிடம்தான். முப்பத்தைந்து நிமிடம் கடைந்த பிறகு யாரும் வெண்ணெயை அள்ளி அள்ளிச் சாப்பிட மாட்டார்கள், அதற்கு நான் சாட்சி. டாக்டர் சொன்ன ஒரு ஸ்பூன் அளவு தானாகவே வந்துவிடும்.

போன வாரம் எலுமிச்சை அளவு ஒரு உருண்டையை டப்பாவில் வைத்து மைதானத்துக்கு எடுத்துப் போனேன். நண்பர்கள் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, "வீட்டம்மா கைமணம் அப்படியே இருக்கு சார்" என்றார்கள்.

"கடைஞ்சது நான்" என்றேன், டீச்சரம்மாவுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே.