பெண்களும் எலும்பு மெலிதலும்

லா சப்பலில் மரக்கறி வாங்க வந்த இடத்தில் எமது பெண்கள் இருவர் சந்தித்துக்கொண்டால், விசாக் கதை முடிந்ததும் வருவது நாரி நோவும் கால் உழைவும்தான். "குளிருக்குத்தான்" என்று ஒருவர் சொல்ல, "பிள்ளை பெத்த உடம்பெல்லோ" என்று மற்றவர் சொல்ல, கதை அத்தோடு முடிந்துவிடும். இம்முறை அதைப் பற்றியே எழுதுகிறோம்.

இரண்டு குறைபாடுகளை நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று விற்றமின் டி குறைவு. வெயில் தோலில் பட்டால் உடம்பு தானே செய்துகொள்ளும் சத்து இது. ஊரில் இதைப் பற்றி யாரும் நினைத்ததில்லை. பாரிசிலோ நவம்பர் முதல் பெப்ரவரி வரையான வெயிலில் அதற்கான கதிர் போதாது. எமது கறுத்த தோலுக்குக் கூடுதல் நேரமும் வேண்டும். யன்னல் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து காய்வதில் பயனில்லை. கண்ணாடி அக்கதிரை மறித்துவிடும். ஒஸ்லோவில் வாழும் இலங்கையரையும் கண்டியில் வாழ்வோரையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2008இல் வெளிவந்தது. ஒஸ்லோவில் இருந்தோரின் இரத்தத்தில் இச்சத்து வெகுவாகக் குறைந்திருந்தது. இக்குறை முற்றினால் எலும்பு மென்மையாகி நோகும், படியேறக் கால் பலமிழக்கும்.

மற்றது எலும்பு மெலிதல், வைத்தியர்கள் ஒஸ்ரியோபொரோசிஸ் என்பது. இது நோகாது. அதுதான் இதன் பொல்லாத்தனம். கறையான் அரித்த வளை போல வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் குளியலறையில் வழுக்கியதும் மணிக்கட்டோ இடுப்பெலும்போ முறியும். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ரோஜன் என்ற ஓமோன் குறைவதால் பெண்களுக்கு எலும்பு வேகமாகக் கரைகிறது. 40 வயதுக்கு முன் நின்றவர்கள், சூலகம் எடுக்கப்பட்டவர்கள், மிக மெலிந்தவர்கள், தாய் தகப்பனுக்கு இடுப்பெலும்பு முறிந்தவர்கள், மாதக்கணக்காகக் கோர்ட்டிசோன் குளிசை எடுத்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும்.

எமக்குக் கவலை தருவது வேறொன்று. மொழி தெரியாததால் பத்து வயது மகனை வைத்தியரிடம் மொழிபெயர்க்கக் கூட்டிச் செல்லும் தாய்மார் பலர். மாதவிடாய் நின்றதை அவனைக் கொண்டு எப்படிச் சொல்வது? சொல்லாமலே வந்துவிடுகிறார்கள். வைத்தியருக்கும் தெரியாது, நோவுக்கு டொலிப்பிரான் எழுதித் தருகிறார். சகோதரிகளே, தெரிந்த பெண் ஒருவரைக் கொண்டு "மெனோபோஸ்" என்றும் நின்ற வயதையும் பிரெஞ்சில் ஒரு துண்டில் எழுதுவித்து நீட்டுங்கள். எலும்பின் அடர்த்தியை அளக்கும் பரிசோதனைக்கு இங்கே "தான்சிதோமெத்ரி" என்று பெயர். ஊசி இல்லை, சில நிமிடம் படுத்திருந்தால் போதும். மேலே சொன்னவை போன்ற காரணம் இருந்து வைத்தியர் எழுதித் தந்தால், குறித்த கட்டணத்தில் 70 வீதத்தை 2006 முதல் அரச மருத்துவக் காப்புறுதி ஏற்கிறது.

சாப்பாட்டுக்கு வருவோம். நாளொன்றுக்குச் சுமார் 1000 மில்லிகிராம் கல்சியம் வேண்டும். பால் குடித்தால் சளி பிடிக்கும் என்ற பேச்சை ஊரிலிருந்து காவி வந்திருக்கிறோம், அதற்கு ஆதாரமில்லை. ஒரு தம்ளர் பாலில் ஏறத்தாழ 240 மில்லிகிராம் உண்டு. பால் ஒத்துவராதவர்களுக்குத் தயிர், முள்ளோடு தின்னும் நெத்தலி, குரக்கன், எள்ளு இருக்கின்றன. (நல்லெண்ணெயில் அல்ல, எள்ளில்தான் கல்சியம்!) கடைகளில் விற்கும் கொன்றெக்ஸ், ஏப்பார் தண்ணீர்ப் போத்தல்களில் லீற்றருக்கு 450 மில்லிகிராமுக்கு மேல் இருப்பது பலருக்குத் தெரியாது.

விற்றமின் டி சிறு குப்பியாகப் பாமசியில் கிடைக்கும். வைத்தியர் எழுதிய அளவில் மட்டும் எடுங்கள். அக்கா வீட்டில் மிஞ்சிய குப்பியைக் குடிக்கவேண்டாம், பிள்ளைக்கும் கொடுக்கவேண்டாம். அளவு மிஞ்சினால் சிறுநீரகம் கெடும்.

நடையும் எலும்புக்கு உரம். லா சப்பலுக்குக் கிட்ட, ஒபேர்விலியே வீதியில் ஜார்தன் தெயோல் பூங்கா இருக்கிறது. பிள்ளைகளை விளையாடவிட்டுவிட்டு வாங்கிலில் குந்தியிருக்காமல், தாய்மார் சேர்ந்து நாலு சுற்று நடக்கலாம். கதைக்கவும் அதுவே வசதி.