பஞ்சாங்கமும் உஷ்ணமானியும்

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தில் தெலுங்கு, கன்னடம், தமிழ் ஆகிய மூன்று பாஷைக்காரரும் கலந்து வாழ்வதால், அங்கு வருஷத்தில் இரண்டு தடவை பஞ்சாங்கம் வாசிக்கப்படுகிறது. யுகாதியன்று ஒரு தடவை, சித்திரை முதல் நாளன்று ஒரு தடவை. இவ்வருஷத்து ராஜா இன்ன கிரகம், மந்திரி இன்ன கிரகம், மழை இத்தனை மரக்கால் என்று புரோகிதர் படிப்பார். ஜனங்கள் கைகட்டிக் கேட்டுத் தட்சணையும் கொடுப்பார்கள். சென்ற வருஷம் படித்தது பலித்ததா என்று கேட்டவர் உண்டா?

வெயில் சங்கதியை மாத்திரம் எடுத்துக்கொள்வோம். கத்திரி மே 4-ந் தேதி வாக்கில் பிறக்கிறதாம். அதுதான் உச்ச வெயிலாம். ஆனால், ஓசூருக்கு அடுத்த பெங்களூரில் உஷ்ணமானி காட்டியதென்ன? 2016 ஏப்ரல் 24-ந் தேதி 39.2 டிகிரி, 2024 ஏப்ரல் 28-ந் தேதி 38.5 டிகிரி. இரண்டும் கத்திரி பிறப்பதற்கு முன்பே! அந்த மேட்டு நிலத்தில் மே மாதம் கோடை மழை பெய்து சூடு தணிவது வழக்கம். இது நட்சத்திரத்துக்குத் தெரியவில்லை போலும்.

1875-ல் ஏற்பட்ட இந்திய வானிலை இலாகா வேறு விதமாகப் பேசுகிறது. சமுத்திரத்தின் சூட்டையும் காற்றின் போக்கையும் யந்திரத்திலிட்டுப் பல தடவை கணக்குப் பார்த்து, வெயில் வழக்கத்தைவிட அதிகமாயிருக்க நூற்றுக்கு இத்தனை பங்கு வாய்ப்பு என்று மாதக்கணக்கில் முன்னதாகவே சொல்லுகிறது. 2024 ஏப்ரல் முதல் தேதியன்று, அக்கோடையில் நாட்டின் பெரும்பாகத்தில் வெயில் அதிகமாகவே இருக்கும் என்று சொல்லிற்று. அம்மாதமே தென்னாடு வெந்தது.

“இலாகா சொல்வதும் தவறுகிறதே” என்பார்கள். ஆம், தவறும். நூற்றுக்கு 60 என்று சொன்னவன், 40 தடவை தவறலாம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டவன். தவறினால் கணக்கைத் திருத்துவான். தன் தவறை என்றைக்காவது அச்சிட்ட பஞ்சாங்கம் ஒன்றைக் காட்டட்டும் பார்ப்போம்!

வெயிலில் வேகிறவன் ஒருவன். அதற்குப் பலன் சொல்லித் தட்சணை வாங்குகிறவன் மற்றொருவன். சிப்காட் தகரக் கொட்டகையில் உழைக்கும் தொழிலாளிக்கும், பிஞ்சு உதிர்வதைப் பார்த்து நிற்கும் மாந்தோப்புக்காரருக்கும் வேண்டியது கிரக பலன் அல்ல, முன்னெச்சரிக்கை. ஆகவே தோழர்களே! தட்சணைக் காசைச் சேர்த்து ஓர் உஷ்ணமானி வாங்கிச் சாவடிச் சுவரில் மாட்டுங்கள். வானிலை இலாகாவின் அறிக்கையை ஊர் கேட்கப் படியுங்கள். வெயில் அதிகம் என்று அது சொன்னால், வேலை நேரத்தை மாற்று, தண்ணீரும் நிழலும் கொடு என்று முதலாளியைக் கேளுங்கள். கிரகத்தைக் கேட்டுப் பயனில்லை. முதலாளி பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.