வயதைப் பார்க்காதே, வண்டியைப் பார்!

துருப்பிடித்த பழைய ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்து, கொல்லையில் கொட்டகை போட்டு நிறுத்தி, ஞாயிறுதோறும் அதனோடு மல்லுக்கட்டுகிற மனிதனைக் கண்டால் ஊர் என்ன சொல்கிறது? "காயலான் கடைக்குப் போகவேண்டியதற்குக் காசைக் கொட்டுகிறான்" என்று சொல்லிச் சிரிக்கிறது. சட்டமோ சிரிப்பதில்லை. "நீ செய்த வேலை சரியா, தவறா என்று நான் பார்க்கமாட்டேன். கம்பெனி செய்தபடியே இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்" என்கிறது. ஊர்ச் சிரிப்பைத் தட்டிவிட்டுப் போகலாம். சட்டத்தை அப்படித் தட்டிவிட முடியுமா? முடியாது. ஆகவே பேசித்தான் தீரவேண்டும்.

ஜீப் எப்படிப் பிறந்தது? 1941-ல், போர்முனைக்கென்று அமெரிக்காவில் பிறந்தது. வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு கம்பெனிகளும் போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கு மேல் செய்து குவித்தன. நாலு சிலிண்டர், 60 குதிரைத் திறன், நாலு சக்கரத்துக்கும் இழுவை! மாளிகை வாசலில் மினுக்குவதற்கல்ல, சேற்றிலும் மேட்டிலும் இறங்கி ஏறுவதற்கே பிறந்த வண்டி. போர் ஓய்ந்தது, பிலிப்பைன்ஸ் நாட்டில் கைவிடப்பட்ட ஜீப்புகளை அந்நாட்டுத் தொழிலாளிகள் எடுத்தார்கள், நீட்டினார்கள், கூரை போட்டார்கள், பெஞ்சு வைத்தார்கள், 'ஜீப்னி' என்று பெயரிட்டு ஊர் மக்களை ஏற்றினார்கள். படைக்காகப் பிறந்த வண்டி பாட்டாளிக்கு உழைத்தது! நம் நாட்டில், 1947-ல் மகிந்திரா கம்பெனி பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியது. டார்ஜிலிங் மலையிலோ, 1950-களின் லேண்ட் ரோவர் வண்டிகளை, மானேபஞ்சாங்கிலிருந்து சந்தக்பூ உச்சிக்கு, கல்லும் கரடுமான பாதையில், ஊர் மெக்கானிக்குகள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஓடவைத்தார்கள். ஓடவைத்தது எது? கம்பெனியின் முத்திரையா? இல்லை, தோழர்களே, கை! உழைக்கும் கை!

அந்தக் கை என்ன செய்கிறது, பாருங்கள். பாடியைக் கழற்றிச் சேசிஸைத் தனியே நிறுத்துகிறது. சுத்தியால் தட்டிப் பார்க்கிறது. ஓசையே சொல்லிவிடும், இரும்பு உயிரோடிருக்கிறதா, துரு தின்றுவிட்டதா என்று. பட்டி பூசி மறைத்தால் பார்வைக்கு அழகு, பாதையில் ஆபத்து. ஆகவே அழுகிய பகுதியை வெட்டியெறிந்து, புதுத் தகடு வைத்துப் பற்றவைக்கிறது. தேய்ந்த சிலிண்டரை லேத் பட்டறைக்கு அனுப்பிக் கடைந்து, அளவான பிஸ்டனைப் போடுகிறது. போர்க்கால ஜீப்பின் 6 வோல்ட் மின்சாரத்தை 12 வோல்ட் ஆக்குகிறது. இது படிப்பில்லையா? ஏட்டில் எழுதாததால் இது கல்வி ஆகாதா?

கோவை ஜி.டி. நாயுடுவை நினைத்துப் பாருங்கள். 1893-ல் பிறந்தவர், பள்ளிக்கூடம் அவரைப் பிடித்து வைக்கவில்லை. வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டார், ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்தார், அதையே விலைக்கு வாங்கினார், பிரித்தார், பூட்டினார். அந்தப் பிரித்தலும் பூட்டலும்தான் அவருக்குக் கல்லூரி! அன்று, "கம்பெனி பூட்டியதை நீ பிரிக்காதே" என்று ஒருவர் தடுத்திருந்தால்?

காஞ்சிபுரத்துக்காரனுக்கு இதை விளக்கவா வேண்டும்? பட்டுத் தறியில் பூ எடுக்க 'அடை' இருந்தது. பிரான்சில் பிறந்த ஜக்கார்டு வந்து அதன் இடத்தைப் பிடித்தது. நம் நெசவாளி அதைத் தன் தறிமேல் ஏற்றினான். பட்டும் பிழைத்தது, அவன் பிழைப்பும் பிழைத்தது. தறி போகட்டும், தேரைப் பாருங்கள்! திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் பூட்டியது. ஆண்டவன் தேருக்கே பிரேக் மாற்றலாம். ஆகமம் வாய் திறக்கவில்லை. ஆறுமுகத்தின் ஜீப்புக்கு மாற்றினால் மட்டும் சட்டம் வாய் திறக்கிறது!

என்ன சொல்கிறது சட்டம்? 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி முதலில் குறித்த விவரத்துக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. எரிபொருள் மாற்றம் போன்ற சிலவற்றுக்கே விலக்கு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 2021-ல் மத்திய அரசு வேறொரு விதி செய்தது. 50 ஆண்டு கடந்து, பழைய வடிவம் மாறாமல் இருக்கும் வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டினால் 10 ஆண்டுக்குப் பதிவு உண்டு. ஆனால் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும்தான் ஓட்டலாம், அன்றாடம் ஓட்டக்கூடாது. சீமானின் காட்சிப் பொருளுக்குக் கதவு திறந்தாயிற்று. மூட்டை ஏற்றி, மேடு ஏறிப் பிழைப்பவன் வண்டிக்கோ? 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. 20 ஆண்டு கடந்தால் 10,000 என்று 2025-ல் ஏறிற்று. 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவோ, 2023 ஏப்ரல் முதல், ஓடுமா ஓடாதா என்ற கேள்விகூட இல்லாமல் ஒழிந்தது. வயது! வயது! வயது ஒன்றே குற்றம்!

"பழைய வண்டி புகை கக்குமே, பிரேக் பிடிக்காதே?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, நழுவமாட்டேன். பழைய ஜீப்பின் பிரேக்குக்கு ஒரே எண்ணெய்ப் பாதை. ஓரிடத்தில் வெடித்தால் நாலு சக்கரமும் கைவிட்டுவிடும். அதை இரட்டைப் பாதையாக மாற்றினால் உயிர் பிழைக்கும். பயனுள்ள அந்த மாற்றத்தைச் செய்பவனையும், பெரிய டயர் மாட்டி, வண்டியை உயர்த்தி, வளைவில் கவிழ்ப்பவனையும் ஒரே தராசில் நிறுத்துவது நீதியா? காய்ந்த தார்ச்சாலையில் நாலு சக்கர இழுவையைப் போட்டு ஓட்டினால் கியரும் டயரும் முறுக்கேறித் தேயும் என்று தெரிந்தவனும், தெரியாதவனும் ஒன்றா? புகை கக்கினால் சோதனையில் தோற்கட்டும்! தேறாத வண்டிக்காக நான் வாதாடவில்லை. தேறுமா என்று பார்க்கவே மறுப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

ஜெர்மனியில் என்ன செய்கிறார்கள்? மாற்றம் செய்த வண்டியைப் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். நிபுணர் பார்க்கிறார், தேறினால் அந்த மாற்றம் வண்டியின் ஆவணத்திலேயே ஏறுகிறது. தேறாவிட்டால் சாலைக்கு வராது. முடிந்தது கதை! இங்கேயோ, காஞ்சிக்குப் பக்கத்தில் செய்யாறு அருகே, 450 ஏக்கருக்கு மேல் பரப்பில் மகிந்திரா கம்பெனி தன் வண்டிகளுக்குச் சோதனைத் தடம் அமைத்திருக்கிறது. வரவேற்கிறோம். கம்பெனிக்குத் தடம் இருக்கட்டும். கொட்டகைக்காரனுக்கு ஒரு மேடையாவது வேண்டாமா? இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் பகலெல்லாம் கார் பூட்டுகிற கை, மாலையில் வீட்டில் ஜீப் பூட்டினால் மட்டும் குற்றவாளிக் கை ஆகிவிடுமா?

கோரிக்கை இதுதான். மாவட்டத்துக்கு ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் பொதுச் சோதனை மேடை வையுங்கள். பிரேக், ஸ்டியரிங், பற்றவைப்பு, புகை, நான்கையும் பாருங்கள். தேறினால் மாற்றத்தைப் பதிவு செய்யுங்கள். பற்றவைத்தவன் பெயரையும் எழுதுங்கள். பொறுப்பும் அவனுக்கு, பெருமையும் அவனுக்கு!

தோழர்களே! கொல்லையில் ஸ்பானரோடு குனிந்திருப்பவனைக் கண்டால் சிரிக்காதீர்கள். பழைய இரும்புக்கு உயிர் தருகிறான். சட்டத்தில் அவனுக்கொரு வாசல் திறக்கக் குரல் கொடுங்கள்.