ஊசி போடாத டாக்டர்

சென்ற வாரம் மாம்பலத்திலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருந்தார். நான்கு பக்கக் கடிதம். கடைசிப் பக்கத்தில் இரண்டு இடங்களில் மை கலைந்திருந்தது. காப்பி சிந்தியதா, கண்ணீர் சிந்தியதா என்று சொல்ல எனக்குச் சாமர்த்தியம் போதாது.

விஷயம் இதுதான். அவருடைய மூத்த பெண்ணுக்கு வயது 26. இன்ஜினீயரிங் முடித்து, எம்.பி.ஏ.யும் முடித்து, ஒரு கம்பெனியில் கை நிறையச் சம்பளம் வாங்குகிறாள். அந்தப் பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லியைப் பிட்டு மிளகாய்ப்பொடியில் தோய்த்துக்கொண்டே, "அம்மா, வேலையை விட்டுவிட்டுப் பி.எச்.டி. பண்ணலாம்னு இருக்கேன்" என்றாளாம்.

"எதிலேடி?"

"ஆபரேஷன்ஸ் மேனேஜ்மெண்டிலே."

"எத்தனை வருஷம்?"

"நாலு, அஞ்சு வருஷம் ஆகும்மா."

தாயார் எழுதுகிறார்: "ஆபரேஷன் என்று காதில் விழுந்ததும் டாக்டருக்குத்தான் படிக்கப் போகிறாளோ என்று ஒரு நிமிஷம் பூரித்துப் போனேன். அது இல்லையாம். ஊசி போடாத டாக்டராம். வரன் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். பெண் என்ன செய்கிறாள் என்று கேட்பவர்களிடம் 'இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள்' என்று சொல்ல நாக்குக் கூசுகிறது. கையில் இருக்கும் சம்பளத்தை உதறிவிட்டு இப்படி ஒரு படிப்பா? நீங்களாவது அவளுக்குப் புத்தி சொல்லக் கூடாதா?"

சொல்கிறேன், அம்மா. ஆனால் அவளுக்கு மட்டும் அல்ல, உங்களுக்கும் சேர்த்துத்தான். கோபித்துக்கொள்ளக் கூடாது.

முதலில், அந்தப் பெயரைக் கண்டு மிரள வேண்டாம். ஒரு காரியம் நடக்கும்போது எதை எவ்வளவு வாங்குவது, எதை முதலில் செய்வது, எத்தனை பேரை வைப்பது, எங்கே தாமதம் ஆகிறது, எங்கே வீணாகிறது என்று பார்க்கும் சாஸ்திரம் அது. "இதைத்தானே நான் தினம் அடுக்களையில் செய்கிறேன்? இதற்குப் பட்டம் வேறா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பதிலுக்குக் கோயில் வாசல் பூக்காரியிடம் போவோம், வாருங்கள்.

அவள் ஒரு முழம் மல்லிகையை 20 ரூபாய்க்கு வாங்கி 30 ரூபாய்க்கு விற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி மிஞ்சினால் குப்பைதான், காலணா பெறாது. இன்றைக்கு எத்தனை பேர் பூக் கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியாது. எத்தனை முழம் வாங்கி வருவாள்? "யாரும் கேட்டு இல்லையென்று சொல்லாத அளவுக்கு" என்றுதான் நம்மில் பலர் சொல்வோம். அப்படி வாங்கினால் அவள் நஷ்டப்பட்டுப் போவாள்! இன்னும் ஒரு முழம் கூடுதலாக வாங்கினால், விற்றால் லாபம் 10 ரூபாய். விற்காவிட்டால் நஷ்டம் 20 ரூபாய். ஆகவே, அந்தக் கடைசி முழம் மூன்று நாளில் இரண்டு நாளாவது விற்றுப் போகும் என்றால்தான் அதை வாங்குவது புத்திசாலித்தனம். அதாவது, மூன்று நாளில் இரண்டு நாள் அவள் கூடை காலியாகி, பூக் கேட்டு வந்தவர்கள் வெறும் கையோடு திரும்பினால்தான் அவள் கணக்கு சரி. விசித்திரமாக இல்லை?

இந்தக் கணக்கு பழசு. பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆராய்ச்சி செய்கிறவள் இங்கே நின்றுவிட முடியாது. வெறும் கையோடு திரும்பியவள் நாளைக்குப் பக்கத்துக் கூடைக்குப் போய்விட்டால்? வெள்ளிக்கிழமையும் முகூர்த்த நாளும் வந்தால்? பூவுக்குப் பதிலாக ரத்தத்தை வைத்துப் பாருங்கள். தானமாகக் கிடைத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் தட்டணுக்களைச் சாதாரணமாக 5 நாள்தான் வைத்திருக்க முடியும். அதிகம் சேர்த்தால், யாரோ ஒரு புண்ணியவான் கொடுத்தது வீணாகும். குறைவாகச் சேர்த்தால், டெங்குவிலோ புற்றுநோயிலோ படுத்திருக்கும் ஒரு குழந்தைக்கு வேண்டிய நேரத்தில் கிடைக்காது. பூக்காரியின் கேள்வியேதான். ஆனால் இப்போது நஷ்டக் கணக்கில் 20 ரூபாய் இல்லை. ஓர் உயிர் இருக்கிறது. எத்தனை வைத்திருக்க வேண்டும்? எந்த ஆஸ்பத்திரிக்கு எதை முதலில் அனுப்ப வேண்டும்? இப்படி ஒரு கேள்விக்கு, இதுவரை யாரும் சொல்லாத ஒரு பதிலைக் கண்டுபிடித்து, அது சரிதான் என்று நாலு பேர் முன்னால் நிரூபிக்க வேண்டும். அதற்குத்தான் பி.எச்.டி. என்று பெயர்.

இப்போது வித்தியாசம் தெரிகிறதா? எம்.பி.ஏ. என்பது பிறர் கண்டுபிடித்ததைக் கற்றுக்கொள்வது. பி.எச்.டி. என்பது பிறருக்குக் கற்பிக்க ஒன்றைக் கண்டுபிடிப்பது. "இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள்" என்று சொல்லி நீங்கள் கூசுகிறீர்களே, அது கூச வேண்டிய விஷயம் அல்ல. அது தப்பான வாக்கியம், அவ்வளவுதான்.

இனி அந்த ஐந்து வருஷத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் ஒன்றிரண்டு வருஷம் பாடங்கள்: நிகழ்தகவு, புள்ளியியல், பொருளாதாரம், கணக்கு. பிறகு ஒரு பெரிய பரீட்சை. இதுவரை உங்கள் பெண்ணுக்குப் பழக்கமான பாதைதான், ஜம்மென்று ஓடிவிடுவாள். அதற்குப் பிறகுதான் சோதனை. பாடம் கிடையாது, மார்க் கிடையாது, காலையில் எழுந்தால் இன்னது செய் என்று சொல்பவர் கிடையாது. ஆறு மாதம் பாடுபட்டுப் போட்ட கணக்கு தப்பென்று ஒரு சாயங்காலம் தெரியும். எழுதிய கட்டுரையை ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்பினால், பல மாதம் கழித்து "பிரசுரிக்க இயலவில்லை" என்று பதில் வரும். அந்தச் சமயம் பார்த்து, அவளோடு படித்தவள் ஒருத்தி வீடு வாங்கிக் கிரகப்பிரவேசப் பத்திரிகை அனுப்புவாள். மூன்றாவது வருஷத்தில் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு விழித்துக்கொண்டு படுத்திருக்கும் பெண்கள் எத்தனையோ பேர். இதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டாரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒரு பட்டம் வேண்டும் என்பதற்காகவோ, ஆபீஸில் மேலதிகாரியைப் பிடிக்கவில்லை என்பதற்காகவோ இறங்கினால் நடுவழியில் மூச்சு முட்டிவிடும்.

பணம்? 'நெட்' என்ற தேசியத் தேர்வில் உபகாரச் சம்பளத்துக்கான தகுதியோடு தேறியவர்களுக்கு, 2023 ஜனவரி முதல் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாயும், பிறகு 42,000 ரூபாயும் என்று நிர்ணயித்தார்கள். கம்பெனிச் சம்பளத்துக்கு ஈடாகாதுதான். ஆனால் நம் வீட்டுக் கையை எதிர்பார்க்காமல் ஒரு பெண் கௌரவமாக இருந்துகொள்ளலாம்.

கல்யாணம்? இதிலும் பயப்பட வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் வெளியிட்ட விதிகளின்படி, பட்டத்துக்குக் குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 6 வருஷம். மறுபடி பதிவு செய்துகொண்டால் இன்னும் 2 வருஷம். பெண்களுக்கு அதற்கு மேலும் 2 வருஷம் சலுகை உண்டு. பிரசவத்துக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் 240 நாள் வரை விடுமுறை எடுக்கலாம். 1961-ல் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் தோன்றிய இந்திய மேலாண்மைக் கழகங்கள், இதே ஆராய்ச்சிக்கு நெடுங்காலம் 'ஃபெலோ' என்ற பெயரைத்தான் கொடுத்து வந்தன. 2017-ல் பார்லிமெண்ட் சட்டம் செய்த பிறகே அவற்றுக்கு டாக்டர் பட்டம் வழங்கும் அதிகாரம் வந்தது. எந்த இடத்தில் சேர்ந்தாலும் அந்த இடத்து விதியைச் சேருவதற்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

குழந்தை குட்டிகளோடு இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை. கதை அல்ல, நடந்த விஷயம். இந்தச் சாஸ்திரத்தின் ஆரம்ப நாட்களிலேயே அமெரிக்காவில் லில்லியன் கில்பிரெத் என்று ஓர் அம்மாள் இருந்தார். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு அவர் எழுதிக் கொடுத்த ஆராய்ச்சி நூலுக்குப் பட்டம் கிடைக்கவில்லை. அங்கேயே தங்கி இருக்க வேண்டிய காலம் இருக்கவில்லை என்று விதியைக் காட்டினார்கள். அந்த நூல் 1914-ல் புத்தகமாக வந்தபோது, எழுதியது பெண் என்று தெரியாதபடி பெயருக்கு முன்னால் வெறும் இனிஷியல் போட்டார்கள். அம்மாள் சோர்ந்து போகவில்லை. வேறொரு ஆராய்ச்சி செய்து, 1915-ல் பிரௌன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். அதற்குள் அவர் ஏழு குழந்தைகள் பெற்று, அதில் ஒன்றைப் பறிகொடுத்தும் இருந்தார். மொத்தம் 12 குழந்தைகள்! 1924-ல் கணவர் திடீரென்று காலமானார். அதுவரை இருவரிடமும் யோசனை கேட்டு வந்த கம்பெனிகளில் சில, பெண்பிள்ளையிடம் என்ன கேட்பது என்று விலகிக்கொண்டன. அந்த அம்மாள் கற்ற வித்தையைச் சமையலறைக்குக் கொண்டுபோனார். காலால் மிதித்தால் மூடி திறக்கும் குப்பைத் தொட்டியும், ஃபிரிட்ஜ் கதவின் உட்புறத்துத் தட்டுகளும் அவருடைய யோசனைகள் என்று சொல்வார்கள். 1935-ல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். 1965-ல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் அகாடமிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்மணியும் அவரே. அடுத்த தடவை குப்பைத் தொட்டியைக் காலால் மிதிக்கும்போது அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் பெண்ணுக்கு என் புத்திமதி. குழந்தாய், காலேஜின் பெயரைப் பார்ப்பதைவிட, வழிகாட்டும் பேராசிரியரைப் பார். 'கைடு' என்கிறீர்களே, அவரைத்தான். நல்ல கைடு கிடைத்தால் ஐந்து வருஷம் தவம். பொருந்தாதவர் கிடைத்தால் ஐந்து வருஷம் வனவாசம். எப்படித் தெரிந்துகொள்வது? உன் சாஸ்திரத்திலேயே வழி இருக்கிறது. ஜான் லிட்டில் என்பவர் 1961-ல் நிரூபித்த ஒரு விதி: உள்ளே இருப்பவர் தொகையை, ஒரு காலத்தில் வெளியே வருபவர் தொகையால் வகுத்தால், ஒருவர் சராசரியாக எவ்வளவு காலம் உள்ளே இருப்பார் என்று கிடைக்கும். ரேஷன் கடை க்யூவில் 30 பேர் நிற்க, நிமிஷத்துக்கு 2 பேர் சாமான் வாங்கிக்கொண்டு போனால், காத்திருப்பது 15 நிமிஷம். அவ்வளவுதான். இதையே கைடுக்குப் போட்டுப் பார்! 2022 விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேரை வைத்துக்கொள்ளலாம். எப்போதும் 8 பேர் இருக்கிற ஒருவரிடமிருந்து வருஷத்துக்கு 2 பேர் முடித்து வெளியேறினால் 4 வருஷம். ஒருவர்தான் வெளியேறுகிறார் என்றால் 8 வருஷம்! கதவைத் தட்டுவதற்கு முன்னால் இந்த இரண்டு எண்ணையும் விசாரித்துக்கொள். அங்கே இப்போது ஆராய்ச்சி செய்யும் பெண்கள் இரண்டு பேரிடம் தனியாகவும் பேசு. அவர்கள் சொல்வதைவிட, சொல்லத் தயங்குவதைக் கவனி.

அம்மா, கடைசியாக உங்களுக்கு. அவளிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போகிறாய்? யாரிடம் சேரப் போகிறாய்? யாரும் பாராட்டாத இரண்டு வருஷத்தைத் தாங்குவாயா? மூன்றுக்கும் அவள் கண்ணைப் பார்த்துப் பதில் சொன்னால், மறுபேச்சில்லாமல் அனுப்பி வையுங்கள். தடுமாறினால், ஒரு வருஷம் வேலையிலேயே இருந்து யோசிக்கட்டும்.

அனுப்பிய பிறகு ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்காதீர்கள்: "எப்போதான் முடிப்பே?" அதை அவள் தன்னைத் தானே தினம் கேட்டுக்கொண்டிருப்பாள். தீபாவளிக்கு வந்தால் ஓர் அறைக் கதவைச் சாத்திக்கொள்ள விடுங்கள். பாதியில் திரும்பி வந்தாலும், "அப்பவே சொன்னேனே" என்று சொல்லாமல் ஒரு டம்ளர் காப்பி கொடுங்கள். திரும்பி வரலாம் என்று தெரிந்த பெண்தான் தைரியமாகத் தூரம் போவாள்.

வரன் வீட்டார் கேட்டால், "ஒரு கேள்விக்குப் பதில் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறாள்" என்று சொல்லுங்கள். "என்ன கேள்வி?" என்று ஆவலோடு திருப்பிக் கேட்கிற பிள்ளை யாரோ, ஜாதகத்தை அவனிடம் கொடுங்கள்.