நானோத் துணியும் நமது சங்கங்களும்

தாமரை இலையில் நீர் ஒட்டுவதில்லை என்பதைக் கண்மாய்க்கரையில் வளர்ந்த சிறுவனும் அறிவான். இலையின் மேலுள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மேடுகளும், அவற்றின்மீது படர்ந்த மெழுகுமே அதற்குக் காரணம். அத்தன்மையைப் பருத்தித் துணிக்கும் அளிக்க விஞ்ஞானம் வழி கண்டுள்ளது.

'நானோ' என்ற சொல் நம் விவசாய அங்கத்தினர்களுக்குப் புதிதன்று. இஃப்கோ கூட்டுறவு நிறுவனம் 2021-இல் நானோ யூரியாவை வெளியிட்டபோதே அதனைக் கேட்டிருப்பார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறே நானோமீட்டர். அத்தகைய அளவுள்ள துகள்களைக் கலந்த நீரில், நெய்து முடித்த துணியைத் தோய்த்து, உருளைகளுக்கிடையே பிழிந்து, சூடேற்றிப் பதிய வைக்கிறார்கள். வெள்ளித் துகள் வியர்வை நாற்றம் தரும் கிருமிகளை ஒடுக்கும்; துத்தநாக ஆக்ஸைடு வெயிலின் புறஊதாக் கதிர்களைத் தடுக்கும். இதற்காகத் தறியை மாற்ற வேண்டியதில்லை. ஆகவே, கைத்தறிக்கு இது ஆகாது என்று நாம் ஒதுக்கிவிடவில்லை.

ஆயினும், துணியில் 'நானோ' என்று முத்திரை குத்திவிட்டால் போதுமா? வெள்ளி சேர்த்து விற்கப்பட்ட காலுறைகளை அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் நீரில் அலசிப் பார்த்து, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். சிலவற்றில் நான்கே அலசலில் ஏறத்தாழ வெள்ளி முழுவதும் போயிற்று. வேறு சிலவற்றில் நூற்றில் ஒரு பங்குகூடப் போகவில்லை. ஆக, குணம் பெயரில் இல்லை. பதிய வைத்த முறையில் இருக்கிறது. கரைந்துபோனால் வாங்கியவருக்கு நஷ்டம். நமது சங்கத்தின் நற்பெயருக்கும் நஷ்டம். அதோடு, துணியில் கிருமியைக் கொல்லும் வெள்ளி, நீருக்கும் மண்ணுக்கும் உதவும் நுண்ணுயிர்களையும் வருத்தக்கூடும்.

திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணை நீர் பயிருக்கு உதவாமற் போனதையும், 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் மறக்கலாகாது. அங்கே விவசாயி விளைச்சலை இழந்தார். தொழிலாளி வேலையை இழந்தார். கண்மாயை நம்பி வாழும் புதுக்கோட்டைச் சீமை அத்தகைய இழப்பைத் தாங்காது.

எனவே, எந்தச் சங்கமும் பொது நிதியை இதில் இறக்குமுன் நான்கு காரியங்களை வற்புறுத்த வேண்டுமென்று கருதுகிறோம். பூசிய பொருள் இன்னதென்றும், எத்தனை சலவை தாங்குமென்றும் விற்பவர் எழுத்தில் தர வேண்டும். 1956-இல் நிறுவப்பட்ட கோவை 'சிட்ரா' போன்ற ஆராய்ச்சி நிலையத்தில் அதனைச் சோதித்தறிய வேண்டும். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வசதியுள்ள இடத்தில் மட்டுமே பூச்சு வேலை நடைபெற வேண்டும். கூடுதலாகக் கிடைக்கும் விலையில் நெசவாளருக்குரிய பங்கு கூலியில் சேர வேண்டும். நான்காவது இல்லையேல், இலாபம் முழுவதும் பூச்சுக்காரரையே சேரும். தறிக்காரருக்குப் பழைய கூலிதான்.

அங்கத்தினர்களே! அடுத்த மகாசபையில் இவற்றைக் கேளுங்கள். புதுமையை வரவேற்போம், சோதித்தபின் வரவேற்போம். துணியில் நீர் ஒட்டாதிருக்கட்டும்; கண்மாய் நீரில் நஞ்சு ஒட்டாதிருக்க வேண்டும்.